பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் கள்ளி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பக்கத்து வீட்டு டீச்சர் அக்கா வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கேக்கும் முறுக்கும் கொடுத்துவிடுவார்கள். போன டிசம்பரில் பதிலுக்கு ஒரு பூச்செடி கொடுக்க ஆசைப்பட்டு, பாளையங்கோட்டையில் சாலையோரம் போட்டிருந்த செடிக்கடையில் 350 ரூபாய்க்குக் "கிறிஸ்துமஸ் கள்ளி" வாங்கினேன். உருண்டையாக, முள்ளோடு, உச்சியில் ஒரே ஒரு ரோஸ் நிறப் பூ.

"வருசா வருசம் கரெக்டா பூக்கும்க்கா, மாடி வெயில்ல வச்சிருங்க" என்றார் கடைக்காரர்.

இரண்டு நாள் மழையில் பூ சுருங்கி மூடிக்கொண்டது. வெயில் வந்ததும் திரும்ப விரிந்தது. அக்காவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் பொங்கல் கழிந்தும் பூ வாடவில்லை. ஜனவரி கடைசியில் மெல்லத் தொட்டுப் பார்த்தால், காகிதம் மாதிரி சரசரக்கிறது. அடியில் பசை. ஊட்டியில் கொத்துக் கொத்தாக விற்பார்களே, அந்த வாடாத பூவைச் சூடான பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பூ காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மூடும், உலர்ந்தால் விரியும். அதனால்தான் உயிருள்ள பூ என்றே நம்பினோம். பசையை உரித்த இடத்தில் செடியின் குருத்து வெந்து பழுப்பாகக் கிடந்தது. பூவை ஒட்டியதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திருப்பிக் கொண்டுபோனேன். "வித்தது வித்ததுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். உண்மையான கிறிஸ்துமஸ் கள்ளி உருண்டையே கிடையாது. தட்டைத் தட்டையான துண்டுகள் கண்ணி கண்ணியாகக் கோத்துத் தொங்கும், குத்துகிற முள் இருக்காது, துண்டின் நுனியில்தான் பூக்கும். பிரேசில் மலைக்காட்டில் மரத்தின் மேல் நிழலில் வளர்கிற செடி அது. நம்மூர் மாடி வெயிலில் வைத்தால் வெந்துவிடும். மொட்டு விட, 12 மணி நேரத்துக்கு மேல் நீண்ட இருட்டும் இரவுக் குளிரும் சில வாரமாவது வேண்டும். திருநெல்வேலியில் மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மலைமேல் குளிரில் இருப்பவர்கள் ஆசைப்படலாம். இங்கே "வருசா வருசம் பூக்கும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

காசு கொடுக்கும் முன்னால் பூவின் அடியைப் பாருங்கள், இதழைத் தொட்டுப் பாருங்கள். ஈரப்பசை இல்லாமல் சரசரத்தால் வாங்க வேண்டாம்.

அக்கா அந்தச் செடியை எறியவில்லை. வெந்த இடத்துக்குக் கீழே பக்கக்குருத்து வருமா என்று தினமும் பார்க்கிறார்கள்.