பெரிய வாட்ஸ்அப் குழுவா, எட்டுக் குடும்பம் கூடும் அறையா?

குழந்தை பிறந்த முதல் ஆறேழு மாதத்துக்குத் துணை தேடுபவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் இருக்கும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்கள். பயிற்சி பெற்ற ஒருவர் நடத்தும் கூட்டங்கள். இதையெல்லாம் கடந்து வந்த ஒரு பெற்றோர் போனில் தரும் தனித்துணை. கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பிறந்த குழந்தைகளோடு நேரில் கூடும் சிறு குழு. என் ஓட்டு கடைசி வழிக்குத்தான். ஆனால் நான்கிலும் சீக்கிரம் செத்துப்போவதும் அதுதான். அதனால் அதை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

பெரிய குழுவின் பலம் ராத்திரி இரண்டு மணி. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டியிருக்கிறது. வீடே தூங்கும்போது ஒற்றைக் கட்டைவிரலால் கேள்வியைத் தட்டினால் ஐந்து நிமிடத்தில் யாராவது பதில் போடுகிறார்கள். உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தை, குறைமாத இரட்டையர் என்று அபூர்வமான நிலையில் இருப்பவர்களுக்குப் பெரிய குழுவை விட்டால் ஆள் கிடைக்காது. பக்கத்தில் இருக்கும் எட்டுக் குடும்பத்தில் இன்னொன்று அப்படி இருக்க வாய்ப்பு குறைவு.

சிக்கல் என்னவென்றால், விடிவதற்குள் வரும் நாற்பது பதிலில் அனுபவஸ்தர் யார், யூகத்தில் பேசுபவர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. குழுவை எடைபோட ஒரு வழி உண்டு. ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர் கொடுப்பது, ஒரு வயதுக்கு முன் தேன் நக்க வைப்பது, குப்புறப் படுக்க வைத்துத் தூங்க விடுவது என்ற மூன்று யோசனைகளும் அங்கே யாரும் மறுக்காமல் கடந்து போகின்றனவா என்று தேடிப் பாருங்கள். போகின்றன என்றால் வெளியே வந்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் எந்தக் குழுவிலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நடத்துநர் உள்ள கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாய்ப்பால் ஊட்டுவதில் தாய்க்குத் தாயே துணை என்ற எண்ணத்தில் 1956-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஏழு தாய்மார்கள் தொடங்கிய லா லெச்சே லீக் இந்த வகைக்கு நல்ல முன்மாதிரி. குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்தான் திருத்த முடியும். போட்டோ பார்த்துச் சொல்வது பாதி யூகம். ஆனால் கூட்டம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிறு குழுவுக்கு ஆள் பிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பதுதான் எனக்கு இதன் பெரிய பயன்.

போன் துணையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அது தவறு. கனடாவின் ஒன்டாரியோவில் மனச்சோர்வு வரும் அபாயம் அதிகமுள்ள 701 புதுத்தாய்மார்களிடம் நடந்த ஆய்வு 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தாங்களும் பிரசவத்துக்குப் பிறகான சோர்விலிருந்து மீண்ட சாதாரணப் பெண்கள், சிறு பயிற்சி பெற்று, போனில் பேசினார்கள். 12-ஆம் வாரத்தில் அந்தத் துணை கிடைத்தவர்களில் 14 சதவீதத்தினரிடமும் கிடைக்காதவர்களில் 25 சதவீதத்தினரிடமும் சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. தையல் ஆறாமல் படியிறங்க முடியாதவர்களும், நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுபவர்களும் இதிலிருந்து தொடங்கட்டும்.

இனி சிறு குழு. முதலில் எண்ணிக்கை. கைக்குழந்தை உள்ள வீடுகளில் எந்த நாளை எடுத்தாலும் பாதிப் பேரால் வர முடியாது: தடுப்பூசிக் காய்ச்சல், சளி, இல்லாவிட்டால் கிளம்பும் நேரம் பார்த்துக் குழந்தை தூங்கிப்போயிருக்கும். நான்கு குடும்பத்தோடு தொடங்கினால் இரண்டுதான் வரும். அதில் ஒன்று மாட்டேன் என்றால் அன்றைய கூட்டம் போச்சு. பதினைந்து சேர்த்தால் ஏழெட்டு வரும், அமைதியான ஆள் சுவரோரம் போய்விடுவார். எட்டில் தொடங்குங்கள், நான்கு வரும். பிறந்த தேதிகளுக்கு இடையே ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும் மாலை அழுகையோடு மல்லுக்கட்டுபவரும், திட உணவு தொடங்கும் ஆறுமாதக்காரரும் பேசிக்கொள்ள விஷயம் குறைவு.

அடுத்தது நாள். எப்போது வசதி என்று வாராவாரம் கேட்டு வாக்கெடுப்பு நடத்தும் குழு இரண்டு மாதம் தாங்காது. கிழமையும் நேரமும் மாறக் கூடாது. இரண்டு பேர் வந்தாலும் நடக்க வேண்டும். இரண்டு மணி நேரம் திறந்திருக்கட்டும், அதற்குள் எப்போது வந்தாலும் சரி, தாமதத்துக்கு மன்னிப்பு கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இடம் பொது இடமாக இருக்கட்டும். முறை வைத்து வீடு வீடாகக் கூடினால், தன் முறை வரும் வாரத்தில் வீட்டை ஒழுங்குபடுத்த முடியாமலேயே சிலர் நின்றுவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூப்பிடும் ஆள். மாதம் ஒருவர் பொறுப்பு. முந்தின நாள் சாயங்காலம் ஒற்றை வரிச் செய்தி போடுவது அவர் வேலை. இரண்டு முறை தொடர்ந்து வராதவருக்குத் தனியாகச் செய்தி அனுப்புவது அதைவிடப் பெரிய வேலை. குழுவில் எல்லோர் முன்னாலும் “ஏன் வரல?” என்று கேட்டால் அவர் மூன்றாவது முறையும் வர மாட்டார். தனியாக, “இந்த வாரம் பாப்பா தூங்கும்போதாவது உங்களுக்குத் தூக்கம் வந்துதா?” என்று கேளுங்கள். குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராதது கவனிக்க வேண்டிய அறிகுறி. பிரசவத்துக்குப் பிந்தைய லேசான மனக்கலக்கம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987 முதல் இருக்கிறது, கடந்த 7 நாட்களைப் பற்றித்தான் கேட்கும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வருவதாக ஒருவர் சொன்னால், அன்றே மருத்துவ உதவி. அதுவரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சிறு குழுவால் சிகிச்சை தர முடியாது. ஆனால் இரண்டாயிரம் பேர் குழுவில் ஒருவர் மௌனமானால் யாருக்கும் தெரியாது, இங்கே தெரியும்.

ஒரே வயதுக் குழந்தைகள் என்பதில் ஒரு தொல்லையும் உண்டு: ஒப்பீடு. யார் முதலில் குப்புற விழுந்தது, யாருக்கு எத்தனை கிலோ என்று பேச்சு போனால் பின்தங்கிய குழந்தையின் தாய் மெல்ல நழுவுவார். எடைப் பேச்சு மருத்துவரிடம் மட்டும் என்று ஒரு விதி போதும். அப்பாக்களைப் பொறுத்தவரை என் கணிப்பை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். வட்டமாக உட்கார்ந்து பேசுவதைவிட, குழந்தையைச் சுமந்தபடி ஒரு மணி நேரம் சேர்ந்து நடப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கலாம்.

நான்காவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் நடுவில் ஒருவர் வேலைக்குத் திரும்புவார். பெரும்பாலான குழுக்கள் கலைவது அப்போதுதான். முதல் ஆள் போவதற்கு இரண்டு வாரம் முன்பே கூட்டத்தை வார நாளிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். அவர் போன பிறகு மாற்றினால், தனக்காக எல்லோரும் சிரமப்படுகிறார்கள் என்று அவரே ஒதுங்கிவிடுவார்.