சிறுமிகளுக்கான கால்பந்துப் படம் என்று சொல்லி விற்கப்படும் ‘லேடிபக்ஸ்’: பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

கால்பந்து ஆடும் பெண் குழந்தைகள் உள்ள வீடுகளுக்காகவும், விளையாட்டு அணிகளுக்குப் படம் திரையிட நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 1992-இல் வெளியான ‘லேடிபக்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தை, படங்களை வாடகைக்குத் தரும் ஓர் இணையத் தளம் ‘குடும்பப் படங்கள்’ பிரிவில் வைத்திருக்கிறது. தோற்றுக்கொண்டே இருக்கும் சிறுமிகள் அணி ஒன்று தன்னம்பிக்கை பெற்று வெற்றி காணும் கதை என்பதுதான் அங்கே தரப்பட்டிருக்கும் அறிமுகம். பள்ளி அணியில் ஆடும் என் மகளும் அவளுடைய தோழிகளும் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த வார இறுதியில் சேர்ந்து பார்க்கட்டும் என்று அந்த அறிமுகத்தை நம்பிப் பணம் கட்டினேன். திரையில் வந்தது அந்த அறிமுகத்துக்கு நேர் எதிரான படம்.

கதை இதுதான். டென்வர் நகரத்து விற்பனையாளர் செஸ்டர் லீ பதவி உயர்வுக்காக ஏங்குகிறார். முதலாளியைக் கவர்வதற்காகத் தான் ஒரு காலத்தில் கால்பந்து வீரன் என்று பொய் சொல்லப்போய், நிறுவனம் ஆதரிக்கும் சிறுமிகள் அணிக்குப் பயிற்சியாளராக நியமிக்கப்படுகிறார். பல ஆண்டுகள் வென்றுவந்த அந்த அணியில் இம்முறை இருப்பவர்கள் பெரும்பாலும் புதியவர்கள். அவர்களுக்கு ஆடத் தெரியவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத் தேற்றுவதற்குப் பதிலாக, தான் மணக்க விரும்பும் பெண்ணின் மகன் மேத்யூவுக்குப் பொய்முடியும் பெண் உடையும் அணிவித்து, ‘மார்த்தா’ என்ற பெயரில் களத்தில் இறக்குகிறார். அணி ஜெயிக்கத் தொடங்குவது அதன் பிறகுதான். சிறுமிகளின் ஆட்டத்தைப் பற்றிய படம் என்று விற்கப்படும் ஒன்றில், ஆட்டத்தை மாற்றுபவன் ஒரு பையன். மற்ற சிறுமிகள் அவன் பந்தை எடுத்துச் செல்வதைப் பார்த்துக் கைதட்டுபவர்களாகவே படத்தின் பெரும்பகுதியில் வந்துபோகிறார்கள்.

நகைச்சுவையின் தரம் இதைவிட மோசம். செஸ்டராக நடித்திருப்பவர் ராட்னி டேஞ்சர்ஃபீல்ட். 1921-இல் பிறந்த அவர், இரவு விடுதி மேடைகளில் வளர்ந்தவர். வளர்ந்தவர்களுக்கான ஒற்றை வரி நகைச்சுவையில் பெயர்பெற்றவர். அந்த மேடையில் அவருடைய திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே இரட்டை அர்த்த வசனங்களை, எழுபது வயதை ஒட்டிய ஒருவர், சிறுமிகள் அணியின் நடுவில் நின்றுகொண்டு பேசும்போது அருவருப்புத்தான் மிஞ்சுகிறது. பெண்கள் உடை விற்கும் கடையின் உடைமாற்றும் அறைக்குள் செஸ்டரும் மேத்யூவும் பேசிக்கொள்வது வெளியே நிற்பவர்களின் காதில் வேறு பொருளில் விழுவதை வைத்து ஒரு காட்சி அமைத்திருக்கிறார்கள். ஒரு சிறுவன் பாலியல் வன்முறைக்கு உள்ளாகிறான் என்று மற்றவர்கள் எண்ணுவதே அங்கே சிரிப்புக்கான பொருள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைப் பற்றி நம் பிள்ளைகளிடம் எவ்வளவு கவனமாகப் பேச முயல்கிறோம் என்று அறிந்த எந்தப் பெற்றோரும் அந்தக் காட்சியை மகளின் தோழிகளுடன் அமர்ந்து பார்க்க மாட்டார்கள். நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். மீதிப் படத்தைப் பிறகு தனியாகப் பார்த்தேன்.

மேத்யூ விரும்பும் கிம்பர்லி என்ற பெண் அதே அணியில் ஆடுகிறாள். அவள் முதலாளியின் மகள். அவளிடம் மார்த்தாவாக வேடமிட்டுப் பழகி, தோழியிடம் சொல்வதாக நம்பி அவள் சொல்வதையெல்லாம் அவன் கேட்டுக்கொள்கிறான். இதைப் படம் இனிமையான காதலாகக் காட்டுகிறது. ஒரு பெண் தன் நம்பிக்கைக்குரிய தோழி என்று நினைத்தவர் வேறொருவர் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய துரோகம் என்ற எண்ணம் எழுதியவர்களுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. மேத்யூவாக நடித்த ஜொனதன் பிராண்டிஸ் அப்போது பதின்ம வயதுச் சிறுவர். கிடைத்ததை வைத்து அவர் நன்றாகவே நடித்திருக்கிறார். குறை அவருடையதல்ல.

அந்தக் காலத்துப் படம், அன்றைய ரசனை அப்படி என்று ஒருவர் சொல்லலாம். இந்தப் படத்தின் விஷயத்தில் அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் 1992 அப்படிப்பட்ட ஆண்டாக இருக்கவில்லை. அரசு நிதி பெறும் கல்விக்கூடங்களில் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற ‘டைட்டில் நைன்’ சட்டம் அமெரிக்காவில் 1972-இலேயே வந்துவிட்டது. அதற்கு முந்தைய கல்வியாண்டில் அங்கே உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற மாணவிகள் 3 லட்சத்துக்கும் குறைவு. 1990-களின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 18 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி 1991 நவம்பரில் சீனாவில் நடந்தபோது, அந்தச் சட்டத்தின் நிழலில் ஆடி வளர்ந்த தலைமுறைதான் அமெரிக்க அணியாகப் போயிருந்தது. 12 நாடுகள் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் ஓர் ஆட்டத்துக்கு 80 நிமிடங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டன. பெண்களால் 90 நிமிடம் ஆட முடியுமா என்ற ஐயம் அமைப்பாளர்களிடம் அப்போதும் இருந்தது. குவாங்சோவில் நவம்பர் 30 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 2-1 என்ற கணக்கில் நார்வேயை வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் மிஷெல் ஏக்கர்ஸ்; தொடர் முழுவதிலும் அவர் அடித்தவை 10. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மியா ஹாம் 19 வயதில் அந்த அணியில் ஆடினார்.

இது நடந்து நான்கே மாதங்களில், 1992 மார்ச்சில், ஒரு பையனைச் சேர்த்தால்தான் பெண்கள் அணி ஜெயிக்கும் என்ற கதை அதே நாட்டின் திரையரங்குகளுக்கு வந்தது. படம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பது உண்மைதான்; ஆனால் அந்தப் பெண்கள் ஒரே நாளில் உருவாகிவிடவில்லை, எடுத்தவர்களின் கண்ணெதிரே ஊருக்கு ஊர் மைதானங்களில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். விமர்சகர்களும் அன்றே இந்தப் படத்தை வரவேற்கவில்லை. போதாக்குறைக்கு, அதே 1992 ஜூலையில் பென்னி மார்ஷல் இயக்கிய ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ வெளியானது. 1943 முதல் 1954 வரை உண்மையில் நடந்த பெண்கள் தொழில்முறை பேஸ்பால் தொடரை வைத்து எடுக்கப்பட்ட படம் அது. அதிலும் நகைச்சுவை உண்டு, அதிலும் ஒரு பொறுப்பற்ற பயிற்சியாளர் உண்டு. ஆனால் ஆடுபவர்கள் பெண்கள், ஜெயிப்பதும் தோற்பதும் அவர்களே. எனவே அன்றைய காலத்தில் வேறுவிதமாக எடுக்கத் தெரியாது என்பது பொருந்தாது.

இனி அந்தத் தளத்தைப் பற்றி. ‘லேடிபக்ஸ்’ படத்துக்கு அமெரிக்கத் திரைப்படத் தரமிடல் முறையில் அன்றே கிடைத்தது ‘பிஜி-13’ தரச் சான்று. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சில பகுதிகள் ஏற்றவையல்ல என்று பெற்றோரைக் கடுமையாக எச்சரிக்கும் சான்று அது. நான் பணம் கட்டிய பக்கத்தில் அந்தச் சான்று எங்குமே இல்லை. மேத்யூ பெண் வேடமிடுவதைப் பற்றியும் அறிமுகத்தில் ஒரு சொல் இல்லை. அதாவது, கதையின் மையமே மறைக்கப்பட்டிருக்கிறது. பணத்தைத் திருப்பித் தருமாறு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியபோது, படத்தை ஓடவிட்ட பிறகு கட்டணம் திரும்பாது என்ற ஆயத்தப் பதில் வந்தது. அறிமுகம் தவறானது என்று விளக்கி மீண்டும் எழுதியதற்கு, விவரங்களைத் தருபவர் விநியோகஸ்தர், தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். பணம் பெறுபவர் அவர்கள், பிரிவை வகுத்துப் படத்தை அதில் வைத்தவர்களும் அவர்கள். பொறுப்பு மட்டும் எப்படி இன்னொருவருடையதாகும் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இந்தியாவில் இருப்பவர்கள் இதில் முற்றிலும் கையற்றவர்கள் அல்லர். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையத்தில் படம் வழங்கும் தளங்கள் ஒவ்வொரு படத்துக்கும் வயதுப் பிரிவையும், அதில் என்ன வகையான உள்ளடக்கம் இருக்கிறது என்ற குறிப்பையும் பார்வையாளருக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும். புகார்களைக் கேட்பதற்குக் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சேவையின் அரட்டைப் பெட்டியோடு நின்றுவிடாமல், அந்த அலுவலருக்கே எழுதுங்கள். கட்டணம் தொடர்பான புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். படத்தின் பக்கத்தைப் பணம் கட்டும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு விவரங்களை மாற்றிவிட்டால் நம்மிடம் சான்று இருக்காது.

பழைய படங்களை வாங்கும்போது தளம் எழுதிய அறிமுகத்தோடு விடாமல், படம் வெளிவந்தபோது அதன் சொந்த நாட்டில் கிடைத்த தரச் சான்று எது என்று தேடிப் பாருங்கள். 1984-க்கு முந்தைய அமெரிக்கப் படங்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. ‘பிஜி-13’ என்ற பிரிவே அந்த ஆண்டில்தான் உருவானது என்பதால், அதற்கு முன்பு வந்த விளையாட்டு நகைச்சுவைப் படங்கள் பல, இன்று அந்தப் பிரிவில் வைக்கப்படக் கூடியவையாக இருந்தும், அதைவிட மென்மையான எச்சரிக்கையான வெறும் ‘பிஜி’ சான்றோடு உலவுகின்றன. குறைதீர் அலுவலருக்கு நான் அனுப்பிய புகாரில் கட்டணத்தோடு, அறிமுகத்தைத் திருத்தி வயதுப் பிரிவைச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். இதை எழுதும் வரை அந்தப் பக்கம் மாற்றப்படவில்லை. படம் இன்னும் குடும்பப் பிரிவில்தான் இருக்கிறது.