40 லிட்டர் மரைன் டேங்குக்கு ஒரு பெயரில்லாத விளக்கு

பெட்டியில் கம்பெனி பெயர் கிடையாது. ‘மரைன் எல்இடி’ என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. உள்ளே, வளைத்தால் வளைந்தபடி நிற்கும் கழுத்தோடு ஒரு விளக்கு. நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு. மார்த்தாண்டத்தில் எங்கள் முன்னறையில் இருக்கும் ஒன்றரை அடிக் கடல்நீர் மீன்தொட்டியின் மேல் இது ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் தாண்டிவிட்டது. வாங்கலாமா என்று கேட்டால், உள்ளே எதை வளர்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்பேன்.

வெறும் மீன்தான் என்றால் இது வேண்டாம், சாதாரண விளக்கே போதும். வெளிச்சம் கேட்பது பவளம். அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியில் உணவு தயாரித்து அதற்கும் பங்கு கொடுக்கிறது. அந்தப் பாசிக்கு முக்கியமாக வேண்டியது 420 முதல் 460 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளி. வெள்ளையைக் கூட்டினால் பார்க்க ஜோராக இருக்கும், கண்ணாடியில் பச்சையும் ஜோராகப் படரும். நான் நீலத்தை முக்கால் பங்கும் வெள்ளையைப் பேருக்குக் கொஞ்சமும் வைத்து, தினம் 8 மணி நேரம் எரியவிடுகிறேன். டைமர் தனியாக வாங்க வேண்டும்.

இந்த ஒளியில் சோவாந்திட், கிரீன் ஸ்டார் பாலிப் என்ற இரண்டு மென்மையான பவள வகைகளும் நன்றாகவே விரிகின்றன. மஷ்ரூம் பவளத்தைக் கல்லின் நிழல் பக்கம் ஒட்டியிருக்கிறேன். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் விளக்கைவிட விலை அதிகம், அதனால் பவளத்தையே பார்த்துக்கொள்கிறேன். சோவாந்திட் கழுத்தை நீட்டினால் வெளிச்சம் பற்றவில்லை, மஷ்ரூம் வெளுத்துச் சுருங்கினால் கூடிவிட்டது. நிறைய வெளிச்சம் கேட்கும் அக்ரோபோரா பவளம், அனிமோன் (கடல் சாமந்தி) மேல் ஆசை உள்ளவர்கள் இந்த விளக்கின் பக்கம் வர வேண்டாம்.

உயிர்கள் வாங்கத் திருவனந்தபுரம்தான் போனேன். “அண்ணா, ரெண்டு க்ளவுன் மீனும் ஒரு ப்ளூ டேங் மீனும் எடுத்துக்கோங்க, பிள்ளைகளுக்கு இஷ்டப்படும்” என்றார் கடைக்காரர். ப்ளூ டேங் 30 செ.மீ. வரை வளரும், என் தொட்டியின் அகலமே அவ்வளவுதான்! மாண்டரினும் அழகுதான், ஆனால் அது நாள் முழுக்கக் கல்லில் மேயும் பூச்சிகளைக் கொத்தித் தின்னும் மீன், 40 லிட்டரில் அத்தனை பூச்சி விளையாது.

நான் எடுத்தது மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்றும் பிஸ்டல் இறால் ஒன்றும். கோபி 10 செ.மீ.க்குள் நின்றுவிடும், நீந்த அலையாது, அடித்தரையிலேயே கிடக்கும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது மணலைத் தோண்டித் தோண்டி வளை கட்ட, மீன் வாசலில் காவல் நிற்கிறது. இறால் வெளியே வரும்போதெல்லாம் அதன் மீசை ஒன்று மீனின் மேல் பட்டபடியே இருக்கும். மீன் வாலைச் சிலுப்பினால் உடனே உள்ளே ஓட்டம். டிவியை விட்டுவிட்டு இதைத்தான் வீட்டில் எல்லோரும் பார்க்கிறோம். ஒன்று, கல்லை முதலில் தொட்டியின் அடிக் கண்ணாடியில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் மணல் கொட்டுங்கள். இறால் அடியைத் தோண்டினால் மணலில் நிற்கும் கல் சரியும். இவற்றோடு நாலைந்து ஹெர்மிட் நண்டுகள், நத்தைகள். இதற்கு மேல் வேண்டாம்.

தேங்காப்பட்டணம் கடற்கரை பக்கத்தில் இருக்க உப்புத் தண்ணீருக்குக் காசா என்று கேட்பவர்கள் உண்டு. குழித்துறை ஆறு கடலில் சேர்வது அங்கேதான்; மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் உப்பு குறைந்துவிடும். ஆர்ஓ தண்ணீரில் சால்ட் மிக்ஸ் கலந்து அடர்த்தி 1.025 பார்ப்பதே நிம்மதி. ஆவியாகும் அளவுக்கு மட்டும் வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும். கடலிலிருந்தே பவளம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். கல் பவளமும் கடற்குதிரையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

விளக்கின் மேல் குறை இரண்டு. உப்புத் துளி பட்டுப் பட்டு கிளிப்பின் திருகு துருப்பிடித்துவிட்டது. துரு தொட்டிக்குள் விழக்கூடாது என்று பிளாஸ்டிக் திருகு மாட்டினேன். உள்ளே இருக்கும் சின்ன ஃபேனும் இப்போது இரைகிறது. எங்கள் முன்னறையில் மலையாள சீரியல் சத்தத்தில் அது கேட்பதில்லை. படுக்கையறையில் வைப்பதாக இருந்தால் ஃபேன் இல்லாத விளக்காகப் பாருங்கள்.