குளிர்த்தொப்பிச் சேவை: தோழியின் அருகில் அமர்ந்து கண்டவை

தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்காக வாரம் ஒரு முறை வீதம் 12 முறை பாக்லிடாக்சல் என்னும் கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொண்ட என் நெருங்கிய தோழிக்கு, முடி உதிர்வைக் குறைக்கும் குளிர்த்தொப்பிச் சேவையை மருத்துவமனையிலேயே தனிக் கட்டணம் செலுத்திப் பெற்றோம். தலைத்தோலைக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், மயிர்க்கால்களைச் சென்றடையும் மருந்தின் அளவும் குறைகிறது. இவ்வகைக் கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015-இல் அனுமதி அளித்தது. மருந்து ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே அணிவித்து, ஏறி முடிந்த பிறகும் நெடுநேரம் கழற்றாமல் வைத்திருக்க வேண்டியிருப்பதால், உடன் செல்பவர் அந்த நாளை முழுவதுமாக ஒதுக்கிவிடுவது நல்லது. முதல் பத்து நிமிடம் தலைவலி தாங்காமல் அவள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். நான் கொண்டுபோயிருந்த கம்பளிதான் அப்போது உதவியது.

தொப்பி தலையோடு ஒட்டிப் பொருந்தாத இடத்தில் பலன் கிடைப்பதில்லை. தொடக்க வாரங்களில் பணியாளர் அதைத் தளர்வாக மாட்டிவிட்டதால் உச்சியில் முடி கொட்டியது; அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு ஒவ்வொரு முறையும் நானே அருகில் நின்று சரிபார்த்தேன். ஆந்த்ராசைக்ளின் என்னும் வேறொரு வகைக் கீமோதெரபி மருந்துகளுக்கு இதன் பலன் குறைவு என்பதால், மருத்துவரிடம் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். எங்கள் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கவில்லை. ஆயினும் பாதிக்கு மேல் முடி நிலைத்தது. கடைசி ஊசி முடிந்த மறுநாள் அவள் கண்ணாடி முன் நின்று தானே வகிடெடுத்துச் சீவிக்கொண்டாள்.