வெள்ளை கரிசாலையா, வெட்டுக்காயப்பூண்டா, மஞ்சள் கரிசாலையா? பறிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க

முடிக்கு எண்ணெய் காய்ச்சப் போறேன்னு போன வாரம் தெரிஞ்சவங்க ஒருத்தர் ஒரு கட்டு செடிய பறிச்சுட்டு வந்து காட்டுனாங்க. முக்கால்வாசி வெட்டுக்காயப்பூண்டு, நடுவுல நாலஞ்சு காம்பு மட்டும்தான் நிஜ கரிசலாங்கண்ணி, அதாவது வெள்ளை கரிசாலை. ரெண்டுமே சூரியகாந்தி குடும்பம், ரெண்டுலயும் வெள்ளை இதழ் இருக்கும், ரெண்டும் ரோட்டோரமா கெடைக்கும், அதனால இது அடிக்கடி நடக்கற தப்புதான்.

மொதல்ல பூவப் பாருங்க. வெட்டுக்காயப்பூண்டுக்கு ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிசா ஒரு காம்பு, அது நுனில ஒத்தையா ஒரு பூ, நடுவுல மஞ்சள், சுத்தி அஞ்சாறு இதழ் மட்டும், ஒவ்வொரு இதழ் நுனியும் மூணா வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். சின்ன வயசுல தாத்தா காசு தர்றியா தலைய வெட்டவான்னு கேட்டுட்டு கட்டை விரலால சுண்டி விடுவோமே, அதே தாத்தாப்பூதான். கரிசலாங்கண்ணில அப்படி சுண்டவே முடியாது, காம்பு குட்டை, பூ ஒரு சட்டை பட்டன விட சின்னது, இதழெல்லாம் நூல் மாதிரி மெல்லிசா நெறைய இருக்கும், நடுவுலயும் மஞ்சள் இல்ல, வெளிர்பச்சை கலந்த வெள்ளைதான். பூ முத்துனதும் வெட்டுக்காயப்பூண்டு விதை பஞ்சு மாதிரி பறந்துரும். கரிசாலைக்கு பஞ்சு கெடையாது, குட்டி சூரியகாந்தி தட்டு மாதிரி கறுத்துப் போய் அங்கயே இருக்கும்.

பூ இல்லாத சமயத்துல இலை. கரிசாலை இலை நீளமா, காம்பே இல்லாம தண்டுல எதிரெதிரா ஒட்டி இருக்கும், தொட்டா சொரசொரன்னு இருக்கும். வெட்டுக்காயப்பூண்டு இலை அகலம், ஓரம் பெருசு பெருசா பல்லு வச்சிருக்கும், ஒடம்பெல்லாம் முடி. எடமும் வேற, ஈரம் உள்ள எடத்துல, வயல் வரப்பு வாய்க்கால் ஓரம்னா கரிசாலை, காஞ்ச பொட்டல், சுவத்தோரம், ரயில் தண்டவாளம் பக்கம்னா அநேகமா வெட்டுக்காயப்பூண்டு. இது நம்ம மண்ணுச் செடியும் இல்ல, நடு அமெரிக்கா பக்கத்துல இருந்து வந்து இங்க பரவுனது.

இவ்வளவும் மறந்துட்டாலும் ஒரு டெஸ்ட் போதும். நாலு இலைய உள்ளங்கைல வச்சு நல்லா கசக்கி சாறு வர்ற மாதிரி தேய்ச்சு கொஞ்ச நேரம் விடுங்க, கரிசாலைனா கை கருப்பா மாறிரும், பேர்லயே கரி இருக்கே. பச்சை குத்தறதுக்கு இந்த சாற யூஸ் பண்ணதும் இந்த கருப்புக்காகத்தான்.

அடுத்து மஞ்சள் பூ பூக்கற கரிசாலை. கீரைக்குன்னு பாத்தா என்னோட ஓட்டு மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குதான், பாசிப்பருப்பு போட்டு கடைஞ்சா வெள்ளைய விட கசப்பு கம்மி, சொரசொரப்பும் தெரியாது. இத பொற்றலைக் கையாந்தகரைன்னும் சொல்வாங்க. 1956-ல சென்னை மாநிலக் கல்லூரில டி.ஆர். கோவிந்தாச்சாரி குழு வெடெலோலாக்டோன்ங்கற வேதிப்பொருள பிரிச்சு அமைப்ப கண்டுபிடிச்சது இந்த மஞ்சள்ல இருந்துதான், அது வெள்ளைலயும் இருக்கு. ஆனா இங்கதான் பெரிய ஏமாத்தம் நடக்குது. நானே ஒரு நர்சரில மஞ்சள் கரிசாலைனு கேட்டு காசு குடுத்து வாங்கிட்டு வந்து வச்சது, பாத்தா பார்க்குலயும் ரோட்டு நடுவுலயும் தரை மூட வளக்கற அழகுச் செடி. இலை பளபளன்னு மூணு மடலா பிரிஞ்சிருந்தா அது கரிசாலை இல்ல. மூலிகையோட இலை மடல் பிரியாம நீளமா இருக்கும், பூவும் கொஞ்சம் சின்னது. அந்த அழகுச் செடி உலகத்தோட மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் லிஸ்ட்லயே இருக்கு, தயவுசெஞ்சு அத கீரைனு பொரியல் பண்ணாதீங்க, தோட்டத்துலயும் விடாதீங்க.

வெட்டுக்காயப்பூண்டு வேஸ்ட்னு நான் சொல்லல. அருவாள் பட்டா அப்பத்தா மொதல்ல தேடுறது அதத்தான், இலைய கசக்கி சாற பிழிஞ்சு வச்சு அழுத்துனா சின்ன காயத்துல ரத்தம் நிக்கும். ஆழமா வெட்டு, துரு புடிச்ச இரும்புனா செடி பக்கம் போகாம நேரா ஆஸ்பத்திரிக்கு போய் டிடி ஊசி போடுங்க.

எண்ணெய்க்கு வெள்ளை கரிசாலைதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. சாறும் தேங்காயெண்ணெயும் சரிபாதி ஊத்தி சின்ன தீயில தண்ணி சத்து சுண்டி, அடியில கசடு மணல் மாதிரி ஆகற வரைக்கும் காய்ச்சணும், அவசரப்பட்டா எண்ணெய் சிக்கு வாடை வந்துரும். சாக்கடை ஓரத்துல எவ்வளவு செழிப்பா நின்னாலும் பறிக்காதீங்க, இந்தச் செடிக்கு ஈரம் புடிக்கும்ங்கறதால அங்கதான் அதிகமா நிக்கும். காமாலைக்கு இத குடிக்கறது பழைய வழக்கம், ஆனா கண்ணு மஞ்சளாச்சுனா ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு சித்த டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

மிச்ச சாறு இருந்தா கொட்டாதீங்க. வெள்ளைப் பருத்தித் துணிய அதுல நனைச்சு நெழல்ல காய வச்சு, மறுபடி நனைச்சு காய வச்சு, திரியா திரிச்சு விளக்கெண்ணெய்ல ஏத்தி மேல ஒரு செம்புத் தட்ட கவுத்து வைங்க. விடிஞ்சதும் தட்டுல படிஞ்ச கரிய வழிச்சு ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு கொழைச்சா கண்மை. கைக்குழந்தைக்குனா கண்ணுக்குள்ள வேணாம், கன்னத்துல ஒரு பொட்டு வச்சா போதும்.