தோட்டத்தில் குழந்தைகள் கைகழுவ: சொம்பா, பாட்டிலா, கால்மிதிக் கேனா?

காங்கேயம் பக்கம் இருக்கும் எங்கள் அப்பா வீட்டுத் தோட்டத்துக்குக் கோடை லீவில் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் வந்து சேர்வார்கள். சின்னவனுக்கு இரண்டு வயது, பெரியவளுக்குப் பத்து. செம்மண், ஆட்டுப்பட்டி, சாணிக்குழி என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வேப்பமரத்தடியில் சாப்பிட உட்காருவார்கள். குழாய் வீட்டுக்குப் பின்னால், நூறடி தள்ளி. 'கையக் கழுவிட்டு வா சாமி' என்றால், பக்கத்திலிருக்கும் மாட்டுத் தண்ணித் தொட்டியில் இரண்டு கையையும் முக்கி, டவுசரில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த அல்பெண்டசோல் வயிற்றிலிருக்கும் புழுவைத்தான் வெளியேற்றும். மறுநாளே மண்ணிலிருந்து நகக்கண் வழியாக முட்டை உள்ளே போனால் அதைத் தடுக்காது. அதனால் மரத்தடியிலேயே கைகழுவ ஒரு வழி வேண்டும் என்று மூன்று கோடைகளாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

முதலில் சொம்பு. என் மகள் 'அமுச்சி, தண்ணி ஊத்துங்' என்று கையை நீட்டுவாள், அவள் அமுச்சியான என் அம்மா ஊற்றுவார். நடக்கப் பழகும் குழந்தைக்கு இன்றுவரை இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. ஓடும் தண்ணீர், அழுக்கு திரும்பிக் கையில் ஒட்டாது, பெரியவர் கை பக்கத்திலேயே இருக்கும். ஆனால் ஊற்ற ஆள் வேண்டும். அம்மா அடுப்படியில் இருந்தால் குழந்தை தானே பக்கெட்டுக்குள் கையை விடும். அந்த நிமிடமே அந்தப் பக்கெட் தண்ணீர் முழுவதும் கெட்டது. அடுத்தவன் கழுவுவது முதலாமவனின் சாணியில்.

அடுத்த கோடையில் பாட்டில். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் சூடு காட்டிய ஆணியால் ஒரு சிறு துளை, கழுத்தில் கயிறு கட்டி மரக்கிளையில் தொங்கல். மூடியை இறுக்கினால் தண்ணீர் நின்றுவிடும், தளர்த்தினால் ஒழுகும். மேலே காற்று நுழைய வழி இல்லாதபோது வெளிக்காற்றின் அழுத்தம் துளையிலேயே தண்ணீரைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. ஐந்து வயதுக்காரனுக்கு இது ஒரு வித்தை. கை கழுவவே திரும்பத் திரும்ப வந்தான். அங்கேதான் குறையும். அழுக்குக் கையால் மூடியைத் திறக்கிறான், கழுவிய கையால் அதே மூடியைத் தொட்டு மூடுகிறான். பாதிப் பேர் மூடுவதே இல்லை. கொடிவேரிக்கோ ஆழியாருக்கோ போகும்போது காரில் போட்டுக்கொள்ள இது போதும். பெரியவர் ஒருவர் மூடியைப் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும்.

இந்த இரண்டிலிருந்தும் எனக்குப் புரிந்தது ஒன்று. சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்க்கும்போது தண்ணீர் நிற்க வேண்டும், அலசும்போது ஓட வேண்டும். நிறுத்தவும் ஓடவிடவும் கை வேலை செய்யக்கூடாது.

அப்படித்தான் கால்மிதிக் கேனுக்கு வந்தோம். டிப்பி டேப் என்பார்கள். 1980களில் ஜிம்பாப்வேயில் சுரைக்குடுக்கையில் தொடங்கியது. நம் தாத்தாக்கள் காட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோன அதே குடுக்கைதான் அங்கே கைகழுவும் குழாயாகியிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்களுக்கு ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன். மேய்ச்சல் நிலமான கொரங்காட்டிலிருந்து வெள்ளைவேலாங் கவைக்குச்சி இரண்டு வெட்டி நட்டு, குறுக்குக் கம்பைக் கேனின் கைப்பிடிக்குள் விட்டு மேலே வைத்தோம். மூடிக்குக் கொஞ்சம் கீழே ஒரு துளை. மூடிப் பக்கமிருந்து ஒரு கயிறு இறங்கித் தரையில் கிடக்கும் குச்சியில் முடியும். குச்சியை மிதித்தால் கேன் சாய்ந்து ஊற்றும், காலை எடுத்தால் நிமிர்ந்து நின்றுவிடும். கை எதையும் தொடுவதில்லை. ஒரு கேன் தண்ணீரில் எல்லாக் குழந்தைகளும் கழுவி முடித்துவிடுகிறார்கள். மழை மறைவுப் பிரதேசமான எங்கள் ஊரில் அது பெரிய விஷயம். கீழே ஜல்லி பரப்பி, வழிந்தோடும் தண்ணீரை ஒரு வாழைக்கன்றுக்குத் திருப்பிவிட்டோம்.

குறை இல்லாமல் இல்லை. நட்ட குச்சியைக் கரையான் அரித்து, ஒரு நாள் கேனோடு சாய்ந்தது. யார் மேலும் விழவில்லை, ஆனால் நிறைந்த கேன் ஐந்து கிலோ. இப்போது இரும்புக் குழாய்தான் நட்டிருக்கிறோம். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களால் ஒரு காலில் நின்று மிதிக்க முடிவதில்லை, அவர்களுக்குச் சொம்புதான். தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கேனைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கு மேல் விட்டால், டெங்குக் கொசு ஏழு முதல் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

நோம்பி, கெடா விருந்து என்று ஐம்பது பேர் கூடும் நாளில் கேன் தாங்காது. குழாய் வைத்த டிரம்மை ஸ்டூல் மேல் ஏற்றிவிடுங்கள். திருகுக் குழாய் வேண்டாம், முழங்கையால் தள்ளி மூடும் நெம்புக் குழாய் வாங்குங்கள்.

சானிடைசரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பஸ்ஸில் போகும்போது சரி, தோட்டத்தில் வேண்டாம். அறுபது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலும் மண்ணும் பிசுக்கும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது, புழு முட்டையை ஒன்றும் செய்யாது. சின்னக் குழந்தைகள் வாயில் வைத்துவிடுவார்கள், விறகடுப்பு வேறு பக்கத்தில் எரியும். ஈரத் துடைப்பான் மேலோட்டமான அழுக்கை எடுக்கும், அவ்வளவுதான்.

எந்த வழியானாலும் சோப்புதான் உயிர். எங்கள் போர் தண்ணி கடும் உப்பு. கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் போகும், நுரையே வராது. நுரை வரவில்லை என்றால் குழந்தை தேய்ப்பதை நிறுத்திவிடும். அதனால் கேனுக்கு மட்டும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் நல்ல தண்ணி பிடித்து ஊற்றுகிறோம். அது இல்லாத நாளில் திரவ சோப்பு. கட்டிச் சோப்பை வெளியே வைத்தால் காக்கா தூக்கிப் போய்விடும். மூன்று சோப்பு போன பிறகு வெங்காய வலைப்பையில் போட்டுக் கேனுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டோம். வலையோடு சேர்த்துத் தேய்த்தால் நகக்கண் அழுக்கும் போகிறது. துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி, ஆளுக்கு ஒரு துண்டு. ஈரக் கையோடு மண்ணைத் தொட்டால் கழுவியதே வீண்.

சின்னவனுக்கு வரும் சித்திரையில் மூன்று வயது முடிகிறது. குறுக்குக் கம்பை ஒரு சாண் இறக்கிக் கட்டி, மிதிகுச்சிக்குப் பதிலாக அகலப் பலகை போடச் சொல்லியிருக்கிறேன்.