ஒரே விருந்து, இரண்டு வாழ்த்துகள்: ஜாக்சனும் கால்ஹூனும்

1830 ஏப்ரல் 13. முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் பிறந்தநாளுக்காக அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு விருந்து. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் கோப்பையை உயர்த்தி, "நம் ஒன்றியம் காக்கப்பட்டே ஆக வேண்டும்" என்றார். ஒன்றியம் என்றால் மாநிலங்கள் ஒன்றுசேர்ந்த நாடு. அடுத்து எழுந்தவர் அவருடைய துணை அதிபரே, ஜான் கால்ஹூன். "ஒன்றியம் நமக்கு மிக அருமையானது, நம் சுதந்திரத்துக்கு அடுத்தபடியாக" என்றார். அந்த 'அடுத்தபடியாக' என்ற ஒற்றைச் சொல்லில்தான் முழுச் சண்டையும் இருக்கிறது.

கால்ஹூனின் வழி: மாநிலங்கள் சேர்ந்து செய்த ஒப்பந்தமே அரசியலமைப்பு, அதை மீறும் சட்டத்தை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் செல்லாததாக்கலாம். 1828-இன் இறக்குமதி வரி வடக்கின் ஆலைகளைக் காத்தது, பருத்தி விற்று வாழ்ந்த தெற்கை வாட்டியது. அந்தக் குறை பொய்யல்ல. ஆனால் 1816-இல் காப்பு வரியை ஆதரித்துப் பேசியவரும் இதே கால்ஹூன்தான். வரிக்குப் பின்னால் இன்னொரு பயமும் இருந்தது: இன்று வரி விதிக்கும் கை நாளை அடிமை முறையிலும் கை வைக்கும் என்பது.

ஜாக்சனும் தெற்கத்தியர், அடிமைகளை வைத்திருந்தவர். மாநில உரிமையை மதித்தவர்தான். ஆனாலும், 1832 நவம்பரில் கால்ஹூனின் மாநிலமான தென் கரோலினா வரிச் சட்டத்தைச் செல்லாது என்றதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தேவைப்பட்டால் படையை அனுப்ப நாடாளுமன்றத்திடம் அதிகாரம் கேட்டு வாங்கினார்.

இந்த இரண்டில் ஜாக்சன் பக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆளுக்கொரு சட்டத்தைத் தள்ளிவைத்தால் நாடு எங்கே மிஞ்சும்?

செனட்டர் ஹென்றி கிளே முன்வைத்து, 1833 மார்ச்சில் சட்டமான சமரசம் வரியைப் படிப்படியாகக் குறைத்தது. தென் கரோலினா தன் தீர்மானத்தை விலக்கிக்கொண்டது. கையோடு, அந்தப் படைச் சட்டத்தையும் செல்லாது என்று அறிவித்தது.